நாற்பதுக்கு மேல் கர்ப்பம்: முதல் ஸ்கேன் ஆறாவது வாரமா, எட்டாவதா, பன்னிரண்டாவதா?

நாள் தள்ளிப்போனபோது எனக்கு வயது 42. குடியாத்தத்தில் இந்த வயதுப் பெண்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு மூட்டுவலியில் தொடங்கி, 'உங்களுக்கு நின்னுடுச்சா?' என்பதில் முடியும். எனக்கும் ஒரு வருடமாகவே மாதவிடாய் ஒருமுறை 24 நாளில், ஒருமுறை 45 நாளில் என்று இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆடியில் வராதபோது, சரி, நிற்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஆவணியில் ஒரு காலை, காபி வாசனை குமட்டிக்கொண்டு வந்தது. பத்தாவது படிக்கும் மகளுக்குத் தெரியாமல் மெடிக்கலில் கிட் வாங்கி வந்து பார்த்தேன். இரண்டு கோடு.

மறுநாளே ஸ்கேனுக்கு ஓடினேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைச் சொன்னேன். எட்டு வாரம் என்று கணக்குப் போட்டுவிட்டு வயிற்றின் மேல் கருவியை வைத்தார்கள். கருப்பைக்குள் 12 மில்லிமீட்டரில் ஒரு பை தெரிந்தது. கரு தெரியவில்லை, துடிப்பும் இல்லை. "எட்டு வாரத்துக்குத் துடிப்பு வந்திருக்கணும்மா. வளர்ச்சி இல்ல. வயசும் ஆகுது இல்ல, கிளீன் பண்ணிடறது நல்லது" என்றார்கள். வெளியே வந்து ஆட்டோ பிடிக்கவும் தோன்றாமல் வெயிலில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

கிளீன் செய்யவில்லை. வீட்டுக்காரரின் சித்தி பெண் ஒரு நர்ஸ். ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டு, "அண்ணி, ஒண்ணும் பண்ணாதீங்க. பத்து நாள் கழிச்சு வேலூர்ல வேற இடத்துல பாருங்க" என்றாள். பதினோரு நாள் கழித்துப் பார்த்தோம். துடித்தது. கருவின் நீளம் 13 மில்லிமீட்டர், ஏழரை வாரம். அப்படியென்றால் முதல் ஸ்கேன் அன்று எனக்கு எட்டு வாரமே இல்லை, ஆறுதான் ஆகியிருந்தது. கரு வளராமல் இல்லை, நான் சொன்ன தேதிதான் தவறு.

கடைசி மாதவிடாயை வைத்துப் போடும் வாரக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவர்களுக்காக ஏற்பட்டது. 14-ம் நாள் வாக்கில் முட்டை வெளிவரும் என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு அது. நாற்பதுக்கு மேல் பலருக்கு அந்த ஒழுங்கு போய்விடுகிறது. எனக்கு அந்த மாதம் 28-ம் நாள் வாக்கில்தான் முட்டை வந்திருக்க வேண்டும். இளம் வயதில் ஒரு வாரம் முன்பின்னாகப் பார்ப்பதால் பெரிய நஷ்டமில்லை. இந்த வயதில் முதல் ஸ்கேனை எப்போது எடுப்பது என்பதே தனியாக யோசிக்க வேண்டிய விஷயம் என்று இவ்வளவு பட்ட பிறகுதான் தெரிந்தது. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் ஆறாவது வாரம். கிட்டில் கோடு பார்த்த எல்லோருக்கும் உடனே ஓடத்தான் தோன்றும். ஆறு வாரத்தில் பார்க்க முடிவது கொஞ்சம்தான். ஐந்தாவது வாரத்தில் பை தெரியும், ஐந்தரையில் அதற்குள் மஞ்சள்கருப் பை என்கிற சிறு வளையம் தெரியும், ஆறாவது வாரத்தில்தான் கருவும் துடிப்பும் கண்ணில் படத் தொடங்கும். இதுவும் பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் உள் ஸ்கேனில். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாகத்தான் எல்லாம் தெரியும். தொப்பை இருந்தால் இன்னும் சிரமம். இரண்டாவது ஸ்கேனுக்கு வேலூர் போனபோது, ஸ்கேன் என்றாலே சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து, பள்ளிகொண்டா தாண்டியதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே போனதும் அந்தம்மா சொன்ன முதல் வார்த்தை: "போய் யூரின் போயிட்டு வாங்க." உள் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். போவதற்கு முன்பே எந்த வகை ஸ்கேன் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள் ஸ்கேன் என்றதும் நம் பக்கத்தில் வரும் அடுத்த கேள்வி, "லேடி டாக்டர் இருக்காங்களா?" கேட்பதில் தப்பே இல்லை. வேலூரின் பெரிய ஆஸ்பத்திரியான சிஎம்சி உருவானதே அந்தக் கேள்வியிலிருந்துதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டார் தடுத்ததால் இறந்துபோனதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். லேடி டாக்டர் இல்லையென்றால் பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். உள் ஸ்கேனால் கரு கலையும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, அது ஒலி அலைதான். ஆரம்ப வாரங்களில் துடிப்பைக் காதால் கேட்பதற்காக டாப்ளரை ரொம்ப நேரம் ஓடவிட மாட்டார்கள், அதை நாமாகக் கேட்டு வாங்கவும் கூடாது. மற்றபடி 'அடிக்கடி ஸ்கேன் எடுத்தா ஆகாது' என்று அத்தை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஆறு வார ஸ்கேனின் சிக்கல் என்னவென்றால், பல நேரம் அது பதிலுக்குப் பதிலாக இன்னொரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பும். நாற்பதுக்கு மேல் மூன்று கர்ப்பத்தில் ஒன்றாவது தானாகக் கலைகிறது என்பது உண்மை. அதனால் 'துடிப்பு இல்லை' என்று கேட்டவுடன் ஸ்கேன் பார்ப்பவரும் நம்பிவிடுகிறார், நாமும் நம்பிவிடுகிறோம். டாக்டர்கள் பின்பற்றும் அளவுகோல் ரொம்பவும் கறாரானது. உள் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லாதிருக்க வேண்டும். அல்லது பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து உள்ளே கருவே இல்லாதிருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்த அளவு இருந்தாலும் ஒரே ஸ்கேனை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஒன்று இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். என் பை 12 மில்லிமீட்டர். அதுவும் வயிற்று ஸ்கேனில் எடுத்த அளவு. இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது 'கிளீன்' என்ற வார்த்தையை எடுத்தால், "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஆனால் ஆறாவது வாரத்திலேயே, ஏன் ஐந்தாவது வாரத்திலேயேகூட, ஓட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக் கசிவு, தலைசுற்றல், தோள்பட்டை வலி, இதில் எது வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயான டியூபிலேயே தங்கிவிடுவது வயது கூடக்கூட அதிகம். எங்கள் தெருவில் 39 வயதான ஒரு பெண், இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிறது என்று இரண்டு நாள் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஸ்கேனில் கருப்பை காலி, டியூபில் கட்டி. ஆரம்பத்திலேயே பிடித்ததால் ஊசியோடு போனது. இன்னும் ஒரு வாரம் சீரகத் தண்ணீர் குடித்திருந்தால் டியூப் வெடித்திருக்கும். முன்பு டியூபில் கரு தங்கியவர்கள், டியூபில் ஆபரேஷன் செய்தவர்கள், இரண்டு மூன்று முறை கலைந்தவர்கள், இவர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. ஐவிஎஃப் மூலம் கருத்தரித்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. தேதி ஏற்கனவே தெரியும், அந்த சென்டரே ஒரு நாள் குறித்துக் கூப்பிடும்.

மறு கோடியில், பன்னிரண்டாவது வாரம் வரை ஸ்கேனே வேண்டாம் என்பவர்கள். என் அம்மா இந்தக் கட்சி. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது, பார்க்கவும் கூடாது. இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தானாகக் கலைவதில் பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் கலைந்துவிடுகின்றன. அதுவரை ஸ்கேன் பார்ப்பதால் கலைவதைத் தடுத்துவிட முடியாது. பணமும் மிச்சம், பஸ் அலைச்சலும் மிச்சம். இருபத்தைந்து வயதில், மாதம் தவறாமல் தலைக்குக் குளித்தவளாக இருந்தால் நானும் அம்மா கட்சிதான்.

நாற்பதில் அது சரிவராது. காரணம் என்டி ஸ்கேன். கருவின் பின்கழுத்தில் தேங்கும் நீரின் அளவை எடுக்கும் ஸ்கேன் அது. அந்த நீர் அதிகமாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கு வாய்ப்பு கூடுதல் என்று அர்த்தம். 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் எடுக்கலாம். கருவின் நீளம் 45-லிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 84-ஐத் தாண்டினால் அந்த அளவுக்கு அர்த்தம் கிடையாது, கதவு மூடிவிட்டது. மொத்தமே மூன்று வாரம்தான். இப்போது என் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேதி இரண்டு வாரம் பிசகியது. நானே குத்துமதிப்பாகப் பன்னிரண்டு வாரம் என்று போயிருந்தால் கருவுக்குப் பத்துதான் ஆகியிருக்கும், திருப்பி அனுப்பியிருப்பார்கள். அது பரவாயில்லை. நடுவில் லேசாகப் பட்ட ரத்தத்தை மாதவிடாய் என்று நினைத்திருந்தால்? பன்னிரண்டு என்று போய் உட்காரும்போது பதினாறாக இருக்கும். அதை எப்படியும் சரிசெய்ய முடியாது.

டவுன் சிண்ட்ரோம் என்பது குரோமோசோம் கோளாறு. அது உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறக்குறைய 1,250-ல் ஒன்று, 35-ல் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. இதைச் சொல்லி பயமுறுத்துகிறவர்களிடம் நான் திருப்பிச் சொல்வது, நாற்பதிலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது இல்லை என்பதைத்தான். இருந்தாலும் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, அதற்கான சந்தேகத்தைக் காட்டும் ஸ்கேனைத் தேதிக் குழப்பத்தால் கோட்டைவிடுவது பெரிய நஷ்டம்.

அதனால் என் தீர்ப்பு: வலியோ ரத்தமோ பழைய சிக்கலோ இல்லையென்றால் முதல் ஸ்கேனுக்கு எட்டாவது வாரம் வாக்கில் போங்கள். அந்த ஸ்கேனின் முதல் வேலை தேதியைப் பிடிப்பது. எட்டு வாரத்தில் கரு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். தலை முதல் பிட்டம் வரை அளந்தால் ஐந்தாறு நாள் முன்பின்னாக வயது கிடைத்துவிடும். அதற்குப் பிறகு மாதக் கணக்குகளை மறந்துவிட்டு இந்தத் தேதியையே எல்லோரிடமும் சொல்லலாம். துடிப்பும் தெளிவாகத் தெரியும், பலருக்கு வயிற்று ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். இந்த வயதில் இரட்டைக் கருவும் சற்று அதிகம். ஒரே நச்சுக்கொடியா, தனித்தனியா என்பது பதினான்கு வாரத்துக்குள் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும், பின்னால் சொல்வது கடினம். கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தால், நம் வயதில் பலருக்கு இருக்கும், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் வயிறு பெரிதாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சரி, தேதியே தெரியாதவள் எட்டாவது வாரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதவிடாய் ஒழுங்காக வருபவர் நேரடியாக எண்ணலாம். என்னைப் போன்றவர்கள், கடைசி மாதவிடாய் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் என்றால், கிட்டில் கோடு வந்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் விடலாம். பத்து வாரத்துக்கு மேல் ஆகியும் மாதவிடாய் வராமல் இப்போதுதான் கிட் பார்த்தீர்கள் என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். என்டி கதவு மூடுகிற நேரமாக இருக்கலாம்.

காத்திருக்கும் வாரங்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை அன்றைக்கே தொடங்கலாம். சர்க்கரை, தைராய்டு, ரத்தக் கொதிப்பு மூன்றையும் பார்த்துவிடலாம், இந்த வயதில் இவை ஸ்கேனுக்குச் சற்றும் குறையாத முக்கியம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஏரியா நர்சம்மாவைப் பார்த்து, அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி நம்பருக்குப் பதிந்துகொள்ளலாம். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ளது, அதற்குத் தகுதி உள்ளவர்கள் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். எனக்கு இதைப் போய்ச் சொல்ல வெட்கம். எங்கள் நர்சம்மாவோ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "போன மாசம் 44 வயசுல ஒருத்தர் வந்தாங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தார்.

எங்கே எடுப்பது என்பதிலும் தேர்வு இருக்கிறது. எட்டு வார ஸ்கேனை உள்ளூரிலேயே எடுக்கலாம். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை எங்கும் அதற்கு வசதி உண்டு. அளவை ஒழுங்காக எழுதித் தருகிற இடமாக இருந்தால் போதும். மிச்சம் பிடிக்கும் பணத்தை என்டி ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஆள் முக்கியம். அரை மில்லிமீட்டர் பிசகினால் பலனே மாறிவிடும். லண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் என்டி அளப்பதற்குத் தனிச் சான்றிதழ் தருகிறது, எஃப்எம்எஃப் சான்றிதழ் என்பார்கள். அது உள்ளவரா என்று போனிலேயே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசு செலவில்லை. காலையிலேயே போய்க் காத்திருக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது நான்காவது மாதத்திலிருந்து உள்ளவர்களுக்கானது, முதல் ஸ்கேனுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். சிஎம்சியில் மரபணு ஆலோசனை வரைக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கும் கூட்டத்தோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டும். எட்டாவது வாரத்தில் தேதி கிடைத்த அன்றே என்டிக்கு நாள் வாங்கிவிடுவது நல்லது. சென்னை வரை போகவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஏதாவது சந்தேகம் கிளம்பினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என்டியோடு டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் டவுன் சிண்ட்ரோமில் 85 முதல் 90 சதவீதம் வரை பிடிபடும். என்ஐபிடி என்கிற புது ரத்தப் பரிசோதனை பத்தாவது வாரத்திலிருந்தே எடுக்கலாம், 99 சதவீதம் பிடிக்கும், செலவு பத்தாயிரத்துக்கு மேல். அப்படியானால் நேரே அதற்கே போய்விடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். லுங்கி வியாபாரம் செய்பவர், எதையும் விலைக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் பார்ப்பார். நியாயமான கேள்வி. டபுள் மார்க்கரில் நம் வயதையும் கூட்டிக் கணக்கிடுவதால், நாற்பதுக்கு மேல் குழந்தை நன்றாக இருக்கும்போதே 'ரிஸ்க்' என்று வருவது அதிகம். அந்த வகையில் என்ஐபிடி நிம்மதி. ஆனால் அது குரோமோசோமை மட்டுமே பார்க்கும். மண்டையோடு சரியாக மூடியிருக்கிறதா, வயிற்றுச் சுவர் மூடியிருக்கிறதா என்றெல்லாம் ரத்தம் சொல்லாது. பன்னிரண்டு வார ஸ்கேனில் கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்த்து, பின்னால் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு இருந்தால் பதினாறு வாரத்துக்குள் சின்ன அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். நாற்பதுக்கு மேல் இதுவும் பெரிய விஷயம். ஆகவே கையில் காசிருந்தால் என்டியோடு என்ஐபிடி. இல்லையென்றால் என்டியும் டபுள் மார்க்கரும், அதில் சந்தேகம் வந்தால் மட்டும் என்ஐபிடி. என்ஐபிடி மட்டும் எடுத்துவிட்டு ஸ்கேனை விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இவை எதுவும் முடிவான பரிசோதனை இல்லை. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் 11 முதல் 14 வாரத்துக்குள் நச்சுக்கொடித் துணுக்கோ, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரோ ஊசியில் எடுத்துப் பார்க்க வேண்டும். கலையும் அபாயம் கொஞ்சம் உண்டு, இருநூறில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பது அந்தந்த வீட்டின் விஷயம். கலைப்பதென்றால், 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தும், அதற்கு மேல் 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலைமைகளில் இரண்டு டாக்டர்களின் கருத்தும் வேண்டும். கருவில் கடுமையான குறை என்றால் 24-க்கு மேலும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். தெரிந்துகொண்டு தயாராவதற்காக மட்டும் பரிசோதிப்பவர்களும் உண்டு.

போகும்போது டாக்டர் சீட்டு, ஆதார் நகல், பழைய ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். எங்கே போனாலும் எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், என்ன குழந்தை என்று கேட்க மாட்டேன் என்பதும் அதில் இருக்கும். 1994 சட்டம், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் சிறை. என்டி ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் அத்தை சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கேக்கல, கேக்கல" என்று தானாகவே சொன்னார்.

போன வாரம் ஆம்பூரிலிருந்து முன்பு கூட வேலை பார்த்த பெண் போன் செய்தாள். நாற்பது முடிந்திருக்கிறது, கிட் பார்த்து நாலு நாள்தான் ஆகிறது. "வலி இருக்கா? ரத்தம் படுதா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். என் கதை முழுக்கச் சொல்லி, மூன்று வாரம் பொறு என்றேன். எல்லாவற்றுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "சரிக்கா, நாளைக்குக் காலையில போய்ப் பார்த்துட்டு போன் பண்றேன்" என்றாள். திட்ட வாய் வரவில்லை. 7 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் என்று ஒரு தாளில் எழுதி பையில் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன்.